குழாய்ப் பள்ளம் தோண்டிய வயலில் விளைச்சலைக் காப்பது எப்படி?

சாலை அகலப்படுத்தவும் குழாய் பதிக்கவும் மின்கோபுரம் நடவும் வயலைத் தோண்டும்போது, நின்ற பயிருக்கான இழப்பீட்டைப் பற்றியே நாம் பேசுகிறோம். மண் கெட்டுவிட்டால் அடுத்த பல போகங்களிலும் விளைச்சல் குறையும் என்பதை மறந்துவிடுகிறோம்.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரச் செம்மண் நிலங்களில் பயிரை வளர்க்கும் மேல்மண் பெரும்பாலும் ஒரு சாண் ஆழமே இருக்கும். அதன் கீழே சத்துக் குறைந்த சரளை தொடங்கிவிடும். இரண்டும் கலந்துவிட்டால் எவ்வளவு உரமிட்டாலும் பழைய நிலை எளிதில் திரும்பாது. ஆகவே மேல்மண்ணை முதலில் வழித்துத் தனிக்குவியலாகவும், அடிமண்ணை வேறொரு குவியலாகவும் போட வேண்டும் என்றும், மூடும்போது அடிமண்ணைப் படிப்படியாக இட்டு நிரப்பி மேல்மண்ணைக் கடைசியில் பரப்ப வேண்டும் என்றும், வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம்.

ஈர மண்ணில் ஜேசிபியும் டிப்பரும் ஏறினால் மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிடம் நசுங்கி, வேர் இறங்காது, மழைநீரும் உள்ளே போகாது. அறுவடை முடிந்து நிலம் காய்ந்திருக்கும் மாசி முதல் சித்திரை வரையிலான காலமே இவ்வேலைக்கு ஏற்றது. வண்டிகள் ஒரே தடத்தில் போய்வர வேண்டும்; கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபடக் கூடாது; சிமென்ட் கழிவு வயலில் கொட்டப்படக் கூடாது. சிமென்டால் மண்ணின் காரத்தன்மை கூடினால் இரும்பு, துத்தநாகச் சத்துகள் பயிருக்குக் கிடைக்காமல் இலை வெளுக்கும்.

வேலை முடிந்தபின், ஒரு மழை பெய்து ஈரம் சுவறியதும், தோண்டிய இடத்திலும் வண்டி ஓடிய தடத்திலும் தோண்டாத இடத்திலும் இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள். கம்பி எங்கே தடைபடுகிறதோ அங்கே இறுக்கம் உண்டு. நிலம் காய்ந்தபின், இறுகிய அடிமண்ணை உடைக்கும் உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில், நெடுக்காகவும் குறுக்காகவும், 40 செ.மீ. ஆழம்வரை உழுது, ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் இடுங்கள். அனுமதி பெற்றுக் கண்மாய் வண்டலும் அடிக்கலாம். முதல் போகத்தில் பசுந்தாள் உரப்பயிரான சணப்பையோ தக்கைப்பூண்டையோ விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது நல்லது. மண் பரிசோதனை பற்றிய ஆலோசனைக்குக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

நெல்லோ நிலக்கடலையோ அறுக்கும்போது, தோண்டிய பகுதியின் மகசூலையும் தோண்டாத பகுதியில் அதே பரப்பின் மகசூலையும் தனித்தனியே நிறுத்து, தேதியிட்டுக் குறித்து, புகைப்படத்துடன் வைத்திருங்கள். பின்னாளில் இழப்பீடு கேட்கும்போது அந்தக் கணக்கு உதவும்.