பழைய டீசல் லாரியில் கியர் விழவில்லையா? முதலில் கிளட்சைப் பாருங்கள்

புளியரை எஸ் வளைவில் ஆரியங்காவு நோக்கி ஏறும்போது இரண்டாம் கியர் கரகரத்தால், உடனே கியர் பாக்ஸை இறக்கச் சொல்லாதீர்கள். பல நேரம் கோளாறு கிளட்சில்தான் இருக்கும்.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இன்ஜினை அணைத்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் இறுக்கம் என்றால் லிங்கேஜ் புஷ் (கியர் கம்பி இணைப்பில் உள்ள புஷ்), செலக்டர் (பாக்ஸுக்குள் கியரைத் தேர்ந்து நகர்த்தும் பாகம்) பக்கம் தேடுங்கள். அணைத்தால் சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை, அதாவது இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சரியாகப் பிரிக்கவில்லை. உறுதிப்படுத்த, ஐடிலிங்கில் பெடலை அடிவரை மிதித்து 5 விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரத்தால் சந்தேகமே வேண்டாம்.

ஹைட்ராலிக் கிளட்ச் (பிரேக் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது) என்றால் பெடலை மூன்று நான்கு முறை அடித்து மிதியுங்கள். அதன்பின் கியர் விழுந்தால் லைனில் காற்று இருக்கலாம், அல்லது சீல் போயிருக்கலாம். ஸ்லேவ் சிலிண்டரின் (ஆயில் அழுத்தத்தால் கிளட்ச் நெம்புகோலைத் தள்ளும் சிலிண்டர்) ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் கசிந்தால் சீல் போய்விட்டது. மாற்றிவிட்டுக் காற்றெடுங்கள். பிரேக் ஆயில் குறைந்ததென்று இன்ஜின் ஆயிலை ஊற்றவே கூடாது, ரப்பர் ஊதிவிடும்.

ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால் அதன் சிங்க்ரோ ரிங் (கியர் சேரும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) தேய்ந்திருக்கும். இறக்கத்தில் கியர் தானாக நியூட்ரலுக்குத் தெறித்தால் ஆபத்து. லாக் ஸ்பிரிங் (கியரை இடத்தில் பிடித்து வைப்பது), ஃபோர்க் (கியரைத் தள்ளும் கவை), இன்ஜின் மவுண்டிங் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்) மூன்றையும் பார்க்காமல் மலை இறங்காதீர்கள்.

கியர் ஆயிலையும் வடித்துப் பாருங்கள். பொன்னிற மினுமினுப்பு சிங்க்ரோவின் பித்தளை. இரும்புச் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது, அப்போது பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.