ஒரு சந்தைக் கட்டுப்பாடு தேவையா என்று தீர்மானிப்பது எப்படி?

ஒரு பொருளுக்கோ சேவைக்கோ அரசு புதிய விதி கொண்டுவரப்போவதாக அறிவித்ததும், தடையற்ற சந்தையை ஆதரிப்பவர்கள் அதை எதிர்ப்பதும், வணிகர்களை நம்பாதவர்கள் வரவேற்பதும் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் இரு தரப்பினருமே விதியைப் படிப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிடுகிறார்கள். பணம் கொடுத்து வாங்கும் நாம் அப்படி இருந்துவிட முடியாது.

அந்த விதி எந்தக் கேட்டைத் தடுக்க வருகிறது என்பதை முதலில் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுதியபின், வாங்குபவர் தாமே அந்தக் கேட்டைக் கண்டறிந்து விலகிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். துணி சாயம் போனால் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடலாம். அங்கே போட்டியே போதுமான தண்டனை. மருந்தில் அப்படி இல்லை. 1937-ல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து விற்றதால் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். விற்பனைக்கு முன் பாதுகாப்பைச் சோதிக்க வேண்டும் என்ற கட்டாயம் அன்று சட்டத்தில் இல்லை. அடுத்த ஆண்டுதான் வந்தது. வாங்குபவருக்கு அடுத்த முறை என்ற ஒன்றே இல்லாத இடத்தில், முன்கூட்டியே சோதிக்கச் சொல்லும் விதி நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

வாங்குபவரும் விற்பவரும் மனநிறைவோடு பிரிந்தாலும் மூன்றாமவர் பாதிக்கப்படலாம் என்பதையும் பார்க்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் 1920-களில் விற்பனைக்கு வந்தது. சாலை வாகனங்களுக்கு அதை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல்தான் நிறுத்தியது. சாலையோரத்தில் அந்தப் புகையைச் சுவாசித்த குழந்தைக்கு அந்த வியாபாரத்தில் எந்தப் பங்கும் இல்லை. இத்தகைய தீங்கை வாங்குபவரின் விழிப்புணர்வால் மட்டும் சரிசெய்ய முடியாது.

கேடு உண்மையானதுதான் என்றால், அதைத் தடுக்கப் போதுமான மிகச் சிறிய கருவி எது என்று தேடுங்கள். பொட்டலத்தில் தெளிவாக அச்சிட்டாலே மக்கள் விலகிக்கொள்வார்கள் எனில் தடை தேவையில்லை. ஆனால் உணவகத்துத் தட்டில் அச்சிட இடமில்லை. 2003-ல் டென்மார்க், 100 கிராம் கொழுப்பில் ஆலைத் தயாரிப்பான, இதயத்துக்குக் கேடு விளைவிக்கும் டிரான்ஸ் கொழுப்பு 2 கிராமைத் தாண்டக் கூடாது என்று நேரடியாக வரம்பு விதித்தது இதனால்தான் பொருத்தமாகிறது.

பலரும் கேட்கத் தவறும் கேள்வி, இந்த விதியால் யாருக்கு ஆதாயம் என்பது. தொழில்துறையைக் கட்டுப்படுத்த எழுதப்படும் விதிகள் அந்தத் துறையின் நலனுக்கே பயன்படுவதுண்டு என்று பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1971-ல் வாதிட்டார். அமெரிக்க விமானப் போக்குவரத்தில் 1938 முதல் சுமார் 40 ஆண்டுகள் கட்டணத்தையும் வழித்தடங்களையும் அரசு வாரியமே தீர்மானித்ததால், ஏற்கெனவே இருந்த நிறுவனங்கள் புதிய போட்டியிலிருந்து காப்பாற்றப்பட்டன. 1978-ல் வந்த சட்டம் அந்தப் பிடியைத் தளர்த்தியது. விமானப் பாதுகாப்பு விதிகளோ அப்படியே தொடர்ந்தன. விலையை வரையறுக்கும் விதியையும் உயிரைக் காக்கும் விதியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

அரசு விலகி நின்றாலே போட்டி தழைக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். 1920-களில் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து, விளக்கின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைக்க ஒப்பந்தம் செய்தன. அதிகம் எரியும் விளக்கைத் தயாரித்த உறுப்பினர் அபராதம் கட்ட வேண்டியிருந்தது. மக்கள் அடிக்கடி விளக்கு வாங்க நேர்ந்ததற்கு அவர்களின் ஆசையல்ல, இந்த ஒப்பந்தமே காரணம். இத்தகைய கூட்டுச் சதியைத் தடுக்கும் சட்டம் இருந்தால்தான் சந்தை தடையற்றதாக இருக்கும்.

இறுதியாக, அமலாக்கப் பிரிவைப் படியுங்கள். யார் சோதிப்பார்கள், அபராதம் மீறலின் லாபத்தைவிடப் பெரியதா, எப்போது மறுஆய்வு என்பவை அங்கே இருக்க வேண்டும். வரைவு மீது பொதுமக்களின் கருத்து கேட்கப்பட்டால், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, மாற்ற வேண்டிய வாசகத்தையும் அதற்குப் பதிலான வாசகத்தையும் எழுதிக் கெடு முடிவதற்குள் அனுப்புங்கள்.