பீடியை விடும் முன் வீட்டுக் கணக்கைப் பாருங்கள்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் மாந்தோப்புக் காவலுக்குப் படுக்கும் அப்பா, கண் விழித்ததும் தலைமாட்டில் பீடிக் கட்டைத்தான் தேடுவார். எனக்கும் அதே பழக்கம். என் தம்பி மட்டும் கல்யாணத்துக்கு முன் ஒரே நாளில் விட்டுவிட்டான். "மனசு வெச்சா முடியும்ண்ணா" என்பான். மனசு வைத்துத்தான் நான்கு முறை விட்டேன். ஒருமுறைகூட மூன்று நாள் தாண்டவில்லை.

அப்புறம்தான் காரணம் புரிந்தது. பீடிக்கு அடிமையாக்குவது புகையிலையில் உள்ள நிகோடின். உடம்புக்குள் போகும் நிகோடினில் பெரும்பகுதியைக் கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி.2ஏ6 என்ற நொதி கரைக்கிறது. அது வேகமாக வேலை செய்பவருக்கு ரத்தத்தில் நிகோடின் சீக்கிரம் இறங்கிவிடும். அடுத்த பீடியைக் கை தேடும். மெதுவாக வேலை செய்பவருக்கு விடுவது கொஞ்சம் சுலபம். 15-வது குரோமோசோமில் சி.எச்.ஆர்.என்.ஏ.5 என்ற மரபணுவும் உண்டு. அதில் ஒரு மாற்றம் உள்ளவர்கள் சராசரியாக அதிகம் புகைக்கிறார்கள் என்று 2008-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஒரே அப்பாவின் பிள்ளைகளுக்கும் இவை ஒன்றுபோல வரும் என்றில்லை. ஆகவே விட முடியாதவனைக் கோழை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தப் பேச்சு என்னைப் பல வருடம் அறுத்தது.

மரபணுப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஒரு தாளில் எழுதுங்கள்: வீட்டில் யார் யார் புகைத்தார்கள், யார் எப்படி விட்டார்கள், நீங்கள் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி. இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். 30 நிமிடத்துக்குள் என்றால் வெறும் வைராக்கியத்தை நம்பி இறங்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். எனக்கு, பீடிக்குப் பதிலாக அளவோடு நிகோடின் தரும் 4 மில்லிகிராம் சூயிங்கம் எழுதினார். அரை மணிக்கு மேல் தாங்குகிறவர்களுக்கு 2 மில்லிகிராம். இதய நோய் இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள்.

நான் முதலில் அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்று விழுங்கினேன். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மெல்லுங்கள். காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரை மணி நேரம். அதற்குக் கால் மணி முன்னிருந்தே டீ, காபி வேண்டாம். குடித்தால் மருந்து வாயில் சரியாக இறங்காது. ஆசை வந்தபின் தேடாமல், முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று என்று போடுங்கள்.

பீடியை விடும் நாளையும் பார்த்துக் குறியுங்கள். மாங்காய் சீசனில் மண்டியில் ராத்திரி கண் விழிக்கும்போது விடப் பார்த்ததுதான் என் தப்பு. ஐந்தாவது முறை, காய் இறக்கி முடித்து ஆடியில் ஆரம்பித்தேன். முதல் மூன்று நாள் யாரைப் பார்த்தாலும் எரிச்சல். வீட்டில் முன்னாடியே சொல்லி வைத்திருந்தேன். தாங்காத நேரத்துக்கு புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவும் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. நடுவில் ஒரு பீடி பிடித்துவிட்டால் மீதிக் கட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அன்றைக்கே சூயிங்கத்தைத் தொடருங்கள். நான் இரண்டு முறை அப்படிச் செய்தேன்.