பிஓசி கையெழுத்தைத் தவறவிடாமல் டிராக் செய்வது எப்படி: தெரபி பில்லிங்கில் இருப்பவர்களுக்கு

வியாசர்பாடி, கொளத்தூர், தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து சாயங்காலம் கேப் ஏறி அமெரிக்க மெடிக்கல் பில்லிங் வேலைக்குப் போகிறவர்களில் சிலருக்கு முதல் வருஷத்திலேயே தெரபி கணக்கு கைக்கு வந்துவிடும். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பீச் தெரபி மூன்றுக்கும் பொதுவான தலைவலி, பிளான் ஆஃப் கேரில் (பிஓசி, தெரபிஸ்ட் எழுதும் சிகிச்சைத் திட்டம்) டாக்டர் போடவேண்டிய கையெழுத்து. கோடிங் சரி, மாடிஃபையர் சரி, தெரபிஸ்ட் நோட்ஸும் சரி. ஆனாலும் ஆடிட்டில் டாக்டர் சான்றளித்த பிஓசியைக் காட்ட முடியவில்லை என்றால் அந்தக் காலத்து விசிட் அத்தனைக்கும் பணம் கிடைக்காமல் போகும். மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) இதை டெக்னிக்கல் டினையல் என்கிறது. சிகிச்சை தேவைதானா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை; சட்டம் கேட்கிற சான்று இல்லை, அதோடு முடிந்தது. மருத்துவமனை, ரீஹாப் ஏஜென்சி போல மெடிகேரோடு புரொவைடர் ஒப்பந்தம் உள்ள இடம் என்றால் அந்தத் தொகையை நோயாளியிடம் கேட்கவும் முடியாது; தெரபிஸ்ட் அல்லது டாக்டரின் தனி ஆபீஸ் என்றால் பொறுப்பு நோயாளி தலையில் விழும்.

கீழே இருப்பது மெடிகேர் பார்ட் பி அவுட்பேஷன்ட் தெரபிக்கான நடைமுறை. ஹோம் ஹெல்த் கணக்கு வேறு. அங்கே சான்றுக் காலம் 60 நாள். இரண்டையும் ஒரே ஷீட்டில் போடாதீர்கள்.

முதலில் கெடு

பிஓசி தயாரான பிறகுதான் சிகிச்சை தொடங்க வேண்டும். டாக்டர் கையெழுத்துக்காகச் சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை. எவாலுவேஷனையும் (எவால், தெரபிஸ்டின் முதல் மதிப்பீடு) சேர்த்து, முதல் சிகிச்சை நாளிலிருந்து 30 நாளுக்குள் தேதியோடு கூடிய கையெழுத்து வந்தால் அது நேரத்துக்கு வந்த சான்று. டாக்டர் வாய்மொழியாக ஒப்புதல் சொல்லி அது அந்த 30 நாளுக்குள் பதிவாகியிருந்தால், அதற்குப் பின் 14 நாளில் கையெழுத்து வரவேண்டும்.

அந்தச் சான்று எதுவரை செல்லும்? இங்கேதான் புதியவர்கள் அதிகம் இடறுகிறார்கள். எல்லோருக்கும் 90 நாள் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். பிளானில் தெரபிஸ்ட் எழுதிய காலம், 90 நாள், இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. உதாரணத்துக்கு எவால் 2025 ஜனவரி 6, திங்கள்கிழமை என்று வையுங்கள். கையெழுத்துக் கெடு பிப்ரவரி 5. பிளானில் 'வாரம் இரண்டு முறை, எட்டு வாரம்' என்று இருந்தால், முதல் நாளையும் சேர்த்து எண்ணும்போது காலம் மார்ச் 2, ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. மார்ச் 3ஆம் தேதி விசிட்டுக்கு ரீசெர்ட் (அடுத்த காலத்துக்கான மறுசான்று) இல்லாமல் பில் போனால் அது சான்றில்லாத விசிட். அதே பிளானில் பன்னிரண்டு வாரத்துக்கு மேல் எழுதியிருந்தாலும் 90ஆம் நாளான ஏப்ரல் 5ஐத் தாண்ட முடியாது. அது சனிக்கிழமை. டாக்டர் ஆபீஸ் மூடியிருக்கும், ஆகவே உங்களுக்குக் கடைசி வேலை நாள் ஏப்ரல் 4.

காலம் முடியாமலே ரீசெர்ட் தேவைப்படுவதும் உண்டு. நீண்ட கால இலக்கையே தெரபிஸ்ட் பெரிதாக மாற்றிவிட்டால் புதுக் கையெழுத்து வேண்டும். குறுகிய கால இலக்கு மாறினால் தேவையில்லை. எவாலோடு நோயாளி நின்றுவிட்டால், டாக்டர் கொடுத்த ரெஃபரலே அந்த ஒரு நாளுக்குப் போதும்.

டிராக்கர்: ஒரு வரி, ஒரு காலம்

பல ஷீட்டுகளில் ஒரு நோயாளிக்கு ஒரு வரி, கடைசியில் 'பிஓசி வந்ததா: ஆம்' என்று ஒரு கட்டம். இது வேலைக்கு ஆகாது. முதல் பிஓசி வந்ததும் அந்த 'ஆம்' நிரந்தரமாக நின்றுவிடும், ரீசெர்ட் யார் கண்ணிலும் படாது. ஒரு வரி என்பது ஒரு தெரபியின் ஒரு சான்றுக் காலம். ஒரே நோயாளிக்கு பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் நடந்தால் இரண்டு வரி. ரீசெர்ட் வந்தால் பழைய வரியைத் திருத்தாமல் புது வரி போடுங்கள்.

ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டியவை: அக்கவுண்ட் எண் (பெயர் வேண்டாம்), தெரபி வகை, எவால் தேதி, பிளானில் எழுதிய வாரக் கணக்கு, காலம் தொடங்கும் நாள், முடியும் நாள், கையெழுத்துக் கெடு, டாக்டர் ஆர்டர் கைவசம் இருக்கிறதா, அந்த ஆர்டரின் தேதி, பிளான் அனுப்பிய தேதி, ஃபேக்ஸ் கன்ஃபர்மேஷன் சேமித்த இடம், ஒவ்வொரு ஃபாலோ அப்பும் யாரிடம் பேசியது என்பதோடு, கையெழுத்துத் தேதி, நமக்கு வந்து சேர்ந்த தேதி, கையெழுத்திட்டவர் பெயரும் தகுதியும், அவரது என்பிஐ (அமெரிக்காவில் டாக்டருக்குக் கொடுக்கும் அடையாள எண்), சரிபார்த்தவர். கையெழுத்துத் தேதியும் வந்து சேர்ந்த தேதியும் தனித்தனிக் கட்டம். பிப்ரவரி 3இல் போட்ட கையெழுத்து 10ஆம் தேதி கைக்கு வந்தாலும் அது நேரத்துக்கு வந்ததுதான். ஒரே கட்டத்தில் இரண்டையும் போட்டால் இதைப் பிறகு நிரூபிக்க முடியாது.

இப்போது எக்செல் செய்கிற வேலையைக் கவனியுங்கள். நம் ஊர் கம்ப்யூட்டரில் தேதி அமைப்பு நாள், மாதம், வருஷம். கிளினிக் அனுப்பும் ரிப்போர்ட்டில் மாதம் முதலில். 03/04/2025 என்று வந்தால் அது மார்ச் 4. நம் எக்செல் அதை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்ளும். உண்மையான கெடு ஏப்ரல் 3, டிராக்கர் மே 3 என்று காட்டும். பிளான் இப்போதுதான் தொடங்குகிறது என்று ஷீட் சொல்கிற அன்றே கெடு முடிகிறது. 03/25/2025 போன்றவை தேதியாகவே மாறாமல் எழுத்தாக, கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நின்றால் அந்த ஷீட்டை நம்பவே கூடாது. டேட்டாவை இறக்கும்போது டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் எம்டிஒய் தேர்ந்தெடுங்கள். பிறகு முழு நெடுவரிசையையும் மாதப் பெயர் தெரிகிற அமைப்புக்கு மாற்றுங்கள்: 04-மார்ச்-2025. மாதம் எழுத்தில் இருந்தால் குழப்பத்துக்கே வழியில்லை.

நேர வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது. நியூயார்க்கில் பிப்ரவரி 5 மாலை நான்கு மணிக்கு வந்த ஃபேக்ஸ், இங்கே பிப்ரவரி 6 அதிகாலை இரண்டரை. டிராக்கரில் எப்போதும் கிளினிக் இருக்கும் ஊரின் தேதியைத்தான் போட வேண்டும்.

அனுப்புவதும் பின்தொடர்வதும்

எவால் முடிந்த அன்றோ மறுநாளோ பிளான் போய்விட வேண்டும். அனுப்பும் முன் ஒரு நிமிஷம் பாருங்கள்: நோய்க்கணிப்பு, நீண்ட கால இலக்கு, சிகிச்சை வகை, அளவு, எத்தனை முறை, எவ்வளவு காலம், இவை எல்லாம் இருக்கின்றனவா? தெரபிஸ்ட் கையெழுத்து, தகுதி, தேதி இருக்கின்றனவா? ஏதாவது ஒன்று இல்லாமல் போன பிளானில் டாக்டர் கையெழுத்து வாங்கினாலும் திரும்ப எல்லாம் முதலிலிருந்துதான்.

டாக்டர் கையெழுத்துப் போடும் இடம் முதல் பக்கத்திலேயே இருக்கும்படி டெம்ப்ளேட்டை மாற்றச் சொல்லி கிளினிக்கிடம் கேளுங்கள். ஆறு பக்கம் ஃபேக்ஸ் போய், ஆறாவது பக்கத்தின் அடியில் கோடு இருந்தால் அது டாக்டர் மேஜையில் கிடக்கும். கையெழுத்துப் பக்கத்தில் நோயாளி பெயர், பிறந்த தேதி, சான்றுக் காலத்தின் தொடக்கமும் முடிவும் அச்சாகி இருக்க வேண்டும். அந்தப் பக்கம் மட்டும் திரும்பி வரும். அது எந்தப் பிளானுக்கு உரியது என்று அதைப் பார்த்தே சொல்ல முடிய வேண்டும்.

எங்கள் பரிந்துரை: மூன்றாம் நாளில் முதல் போன் கால். அப்போது 'கையெழுத்து ஆயிற்றா' என்று கேட்காதீர்கள். 'ஃபேக்ஸ் கிடைத்ததா, எந்த எண்ணில் பார்க்கிறீர்கள், யார் டாக்டரிடம் கொடுப்பார்' என்று கேளுங்கள். கையெழுத்து வராததற்குப் பல நேரம் ஃபேக்ஸ் எண் தவறு என்பதே காரணம். பெரிய மருத்துவக் குழுமங்களில் ஒரே டாக்டருக்கு ஊருக்கு ஊர் வேறு எண் இருக்கும். ஏழாம் நாள் மறுபடி அனுப்புங்கள், பதினான்காம் நாள் பெயர் சொல்லி அதே ஆளிடம் பேசுங்கள். இருபதாம் நாள் கிளினிக் மேனேஜருக்குப் போக வேண்டும். தெரபிஸ்டே டாக்டர் ஆபீஸுக்கு ஒரு கால் போட்டால் பல இடங்களில் அன்றே வந்துவிடும். கிழக்குக் கடற்கரையில் காலை ஒன்பது என்பது குளிர்காலத்தில் நமக்கு இரவு ஏழரை, கோடை நேரத்தில் ஆறரை. அங்கே மதிய உணவு நேரத்தில் கூப்பிட்டால் வாய்ஸ்மெயில்தான்.

'நோயாளி வந்து பார்த்தால்தான் கையெழுத்து' என்று சில டாக்டர் சொல்வார். மெடிகேர் அந்த விசிட்டைக் கேட்பதில்லை. டாக்டர் கேட்கலாம், அது அவர் உரிமை. அப்பாயின்ட்மென்ட் தேதியை டிராக்கரில் எழுதி, அதற்கு மறுநாள் ஃபாலோ அப் வையுங்கள். ரெஃபர் செய்தவரேதான் கையெழுத்திட வேண்டும் என்றில்லை. அந்த நோயாளியின் சிகிச்சையை அறிந்த வேறு டாக்டர், நர்ஸ் பிராக்டிஷனர், ஃபிசீஷியன் அசிஸ்டன்ட், கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட் போட்டாலும் செல்லும். கைரோபிராக்டரும் பல் மருத்துவரும் போட்டால் செல்லாது.

2025இல் வந்த மாற்றம்

2025 ஜனவரி 1 முதல் மெடிகேர் ஒரு விலக்கு கொடுத்திருக்கிறது. டாக்டர் கையெழுத்தும் தேதியும் போட்ட ஆர்டர் ஃபைலில் இருந்து, எவால் முடிந்து 30 நாளுக்குள் பிளானை அவருக்கு அனுப்பியதற்கு ஆதாரமும் இருந்தால், முதல் சான்றுக்குப் பிளானில் தனியாகக் கையெழுத்து தேவையில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் 'இனிமேல் கையெழுத்தே வேண்டாமாம்' என்று ஃப்ளோரில் பரவிய பேச்சு ஆபத்தானது. விலக்கு முதல் சான்றுக்கு மட்டும். ரீசெர்ட்டுக்குக் கையெழுத்து கட்டாயம். ஆர்டர் இல்லாமல் நேராக வந்த நோயாளிக்கு விலக்கே இல்லை. மற்ற இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இதைப் பின்பற்றும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு கம்பெனியின் பாலிசியையும் தனியாகப் பாருங்கள்.

இந்த மாற்றத்துக்குப் பிறகு ஃபேக்ஸ் கன்ஃபர்மேஷன் தாளுக்குக் கையெழுத்துக்குச் சமமான மதிப்பு வந்துவிட்டது. தேதி, நேரம், எண், பக்க எண்ணிக்கை, 'வெற்றி' என்ற நிலை, எல்லாம் தெரிகிற பிரதியை பிஓசியோடு ஒரே பிடிஎஃப் ஆக்கிச் சார்ட்டில் ஏற்றுங்கள். ஈஃபேக்ஸ் சர்வரில் இருக்கிறது என்று விட்டுவிட்டால், கணக்கு வேறு வெண்டருக்கு மாறும்போது ஆதாரமும் போய்விடும்.

வந்த தாளைச் சரிபார்ப்பது

ரப்பர் ஸ்டாம்ப் கையெழுத்து செல்லாது; உடல் குறைபாடு காரணமாகக் கையெழுத்திட முடியாதவருக்கு மட்டும் விதிவிலக்கு. மின்னணுக் கையெழுத்து செல்லும், பெயரும் தேதியும் தெரிய வேண்டும். டாக்டருக்காக மெடிக்கல் அசிஸ்டன்ட் போட்டது செல்லாது. கிறுக்கலாக இருந்து கீழே பெயர் அச்சாகவில்லை என்றால் சிக்னேச்சர் லாக் (எந்தக் கையெழுத்து யாருடையது என்று காட்டும் பட்டியல்) கேட்டு வாங்குங்கள்.

கையெழுத்து இருக்கும், தேதி இருக்காது. அடிக்கடி வருகிற கோளாறு இது. திருப்பி அனுப்பி டாக்டரையே தேதி போடச் சொல்லுங்கள். அவர் போடுவது அன்றைய தேதியாகத்தான் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் யாரும் பேனாவைத் தொடக்கூடாது. பழைய தேதி போட்டுக் கேட்கவும் கூடாது. டிஎல் (டீம் லீடர்) அண்ணனோ அக்காவோ அவசரத்தில் சொன்னாலும் செய்யாதீர்கள், அது மோசடி.

தாமதத்துக்கு நேர்மையான வழி இருக்கும்போது அந்த வேலை தேவையும் இல்லை. கெடு தாண்டிய பிறகும் 30 நாள் வரை காரணம் சொல்லாமலே தாமதச் சான்று ஏற்கப்படும். அதற்கும் பிறகு வந்தால், தாமதத்துக்கான காரணத்தோடு செல்லும். அந்தக் காரணத்துக்கு ஆதாரம் உங்கள் ஃபாலோ அப் வரிகள்தான்: எந்தத் தேதி, எந்த எண், யார் என்ன சொன்னார். 'கால்டு, நோ ரெஸ்பான்ஸ்' என்று மட்டும் எழுதினால் எதற்கும் உதவாது. டினையல் ஆன பிறகுகூடச் சரியான சான்றைக் காட்டினால் அந்த டினையலை நீக்க வேண்டும் என்பது மெடிகேர் கையேட்டிலேயே இருக்கிறது. ஆகவே 31ஆம் நாள் ஃபைலை மூடாதீர்கள்.

க்ளெயிமோடு பொருத்துவது

க்ளெயிம் அனுப்பும் சிஎம்எஸ் 1500 படிவத்தின் 17ஆம் கட்டத்தில் பிளானுக்குச் சான்றளிக்கும் டாக்டர் பெயரும், 17பியில் அவரது என்பிஐயும் போகும். ரெஃபர் செய்தவர் ஒருவர், கையெழுத்திட்டவர் இன்னொருவர் என்றால் இங்கே பொருந்தாமல் நிற்கும். தாள் வந்த அன்றே பில்லிங் பக்கத்தில் மாற்றச் சொல்லுங்கள். கையெழுத்து வராத க்ளெயிமை ஹோல்டில் வைப்பதா அனுப்புவதா என்பதைக் கிளினிக் எழுத்தில் கொடுக்க வேண்டும். போனில் ஃபாலோ அப் செய்கிறவர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யக்கூடாது. கேஎக்ஸ் மாடிஃபையர் (சிகிச்சை இன்னும் தேவை என்று க்ளெயிமில் சேர்க்கும் குறி) போட வேண்டிய வருடாந்தர எல்லையை (2025இல் அது 2,410 டாலராக இருந்தது) நெருங்கும் கணக்குகளை ஷீட்டில் நிறம் போட்டு முதலில் எடுங்கள். பிசியோதெரபிக்கும் ஸ்பீச்சுக்கும் சேர்த்து ஒரு எல்லை, ஆக்குபேஷனல் தெரபிக்குத் தனி எல்லை.

ரெக்கார்டு கேட்டு ஏடிஆர் (கூடுதல் ஆவணம் கேட்கும் மெடிகேர் கடிதம்) வந்தால் 45 நாள்தான். கேட்ட விசிட் தேதியை டிராக்கரில் தேடினால் அது எந்தச் சான்றுக் காலத்துக்குள் விழுகிறது என்று தெரியும். அந்த வரியின் பிஓசி, ஆர்டர், கன்ஃபர்மேஷன், அந்தத் தேதியைச் சுற்றிய புரோக்ரஸ் ரிப்போர்ட் நான்கையும் சேர்த்து அனுப்புங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் அந்தத் தாளை போனில் படம் எடுத்து டீம் வாட்ஸ்அப் குரூப்பில் போடவே கூடாது. அது ஹிப்பா (நோயாளி தகவலைக் காக்கும் அமெரிக்கச் சட்டம்) மீறல், வேலையும் போகும். நீங்கள் லீவு எடுக்கும் வாரத்தில் கெடு முடிகிற வரிகளை மட்டும் வடிகட்டி, அக்கவுண்ட் எண்ணோடு, ஆபீஸ் மெயிலில் ஒருவர் பெயருக்கே ஒப்படையுங்கள். குரூப் மெயிலில் போட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள்.