சி, டி, ஈ என்று மூன்று தெரிந்தால் மூன்று டிஸ்க் இருக்கிறதா?

விண்டோஸில் 'திஸ் பிசி'யைத் திறந்தால் சி, டி, ஈ என்று வரிசையாகத் தெரியும். பெரும்பாலும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'லோக்கல் டிஸ்க்' என்றே எழுதியிருக்கும். அதனால் உள்ளே மூன்று டிஸ்க் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். "போட்டோ எல்லாம் டி டிரைவிலயும் ஒரு காப்பி இருக்கு" என்று நிம்மதியாக இருக்கும் வீடுகள் நிறைய உண்டு. ஆனால் பல வீட்டுக் கணினிகளில் இவை எல்லாமே ஒரே டிஸ்க்கின் துண்டுகள்தான். அந்த டிஸ்க் பழுதானால் குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோவும் அதன் 'காப்பி'யும் சேர்ந்தே போய்விடும். உங்கள் கணினியில் நிலைமை என்ன என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

முதலில் எது எது

டிஸ்க் என்பது கையில் எடுக்கக்கூடிய பொருள். மேசைக் கணினியில் இருக்கும் 3.5 இன்ச் ஹார்டு டிஸ்க், பழைய லேப்டாப்பில் இருக்கும் 2.5 இன்ச் டிஸ்க், புது லேப்டாப்பில் மெல்லிய பட்டை போல மதர்போர்டில் செருகியிருக்கும் எம்.2 எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, சிப்பில் எழுதும் டிஸ்க்), எல்லாம் இதில் சேரும்.

பார்ட்டிஷன் அப்படியில்லை. 'இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை ஒரு பகுதி' என்று டிஸ்க்கிலேயே எழுதி வைத்த கணக்கு அது. ஒரே வயலில் வரப்பு போட்டுப் பிரித்த மாதிரி. வரப்பு எத்தனை போட்டாலும் வயல் ஒன்றுதான், வெள்ளம் வந்தால் மொத்தமாக மூழ்கும். இந்தக் கணக்கை எழுத இரண்டு முறைகள் உண்டு. பழைய எம்பிஆர் முறையில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்கள் வரைதான் போடலாம், சுமார் 2 டிபிக்கு மேல் உள்ள இடத்தைப் பயன்படுத்தவும் முடியாது. இப்போது வரும் கணினிகளில் இருக்கும் ஜிபிடி முறையில் விண்டோஸ் 128 பார்ட்டிஷன்கள் வரை அனுமதிக்கும்.

சி, டி என்பவை அந்தப் பகுதிகளுக்கு விண்டோஸ் வைக்கும் அடையாள எழுத்துகள், அவ்வளவுதான். ஏ, பி இரண்டையும் அந்தக் காலத்து பிளாப்பி டிரைவ்களுக்கு ஒதுக்கிவிட்டதால்தான் ஹார்டு டிஸ்க் சி-யில் தொடங்குகிறது.

படி 1: டிஸ்க்குகளை எண்ணுங்கள்

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போங்கள். இடது பக்கம் 'டிஸ்க் 0' என்றும், அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சி, டி என்ற எழுத்துகளும் இருக்கும். ஒரே வரியில் இரண்டு எழுத்தும் இருந்தால் இரண்டும் ஒரே டிஸ்க்கில் இருக்கின்றன. 'டிஸ்க் 1' என்று இன்னொரு வரி இருந்தால் இரண்டாவது டிஸ்க் இருக்கிறது. விண்டோஸ் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். புதிய பதிப்புகளில் கீழேயே எஸ்எஸ்டியா ஹெச்டிடியா (சுழலும் ஹார்டு டிஸ்க்கா) என்றும் போட்டிருக்கும்.

படி 2: வரைபடத்தைப் படியுங்கள்

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பயப்பட வேண்டாம், பார்ப்பதால் எதுவும் மாறாது. மேல் பாதியில் இருக்கும் பட்டியலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கீழ்ப் பாதிதான் முக்கியம். அங்கே ஒரு கிடைவரிசை என்பது ஒரு டிஸ்க், அதற்குள் இருக்கும் கட்டங்கள் பார்ட்டிஷன்கள்.

512 ஜிபி எஸ்எஸ்டி போட்ட ஒரு லேப்டாப்பில் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்: இடது ஓரத்தில் டிஸ்க் 0, 476.94 ஜிபி. முதல் கட்டம் 100 எம்பி போல, 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்'. அப்புறம் சி, டி. வலது ஓரத்தில் சில நூறு எம்பியில் ஒரு 'ரெக்கவரி பார்ட்டிஷன்'.

இஎஃப்ஐ, ரெக்கவரி இரண்டுக்கும் எழுத்து இருக்காது, அதனால் திஸ் பிசியில் தெரியாது. கணினி ஆன் ஆகும்போது விண்டோஸைத் தொடங்கிவைக்கும் கோப்புகள் இஎஃப்ஐ பகுதியில் இருக்கின்றன. 'சும்மா கிடக்கிறதே' என்று அதை அழித்தால் அடுத்த முறை விண்டோஸ் வராது.

512 போட்ட இடத்தில் 476 எப்படி வந்தது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107 கோடிச் சொச்சத்தை ஒரு ஜிபியாக எடுத்துக்கொள்கிறது. பைட் எண்ணிக்கை அதேதான். 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டுவதும் இதனால்தான்.

படி 3: கண்ணால் பார்க்க ஒரு சோதனை

சி-யில் இருக்கும் ஒரு பெரிய வீடியோவை, சுமார் 4 ஜிபி இருந்தால் நல்லது, கட் செய்து சி-யிலேயே வேறு போல்டரில் பேஸ்ட் செய்யுங்கள். நொடியில் முடிந்துவிடும். வீடியோ நகரவே இல்லை, அது எந்த போல்டரில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் மாறியது.

இப்போது அதையே கட் செய்து டி-யில் பேஸ்ட் செய்யுங்கள். பச்சைப் பட்டை ஓட ஆரம்பிக்கும். டிஸ்க் ஒன்றாகவே இருந்தாலும் ஒவ்வொரு பார்ட்டிஷனும் தனக்கென்று தனிக் கோப்புக் கணக்கை வைத்திருக்கிறது. அதனால் முழு வீடியோவையும் படித்து, மறுபடி எழுதி, பிறகு பழையதை நீக்க வேண்டியிருக்கிறது. சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருந்தால் படிக்க ஓர் இடம், எழுத ஓர் இடம் என்று ஒரே முள் மாறி மாறி ஓடுவதால் இன்னும் மெதுவாகும்.

படி 4: பிரிக்க வேண்டுமென்றால்

256 ஜிபி எஸ்எஸ்டியைப் பிரிக்காதீர்கள் என்பதே என் கருத்து. சி நிறைந்து விண்டோஸ் அப்டேட் நின்றுபோகும், பக்கத்தில் டி காலியாகக் கிடக்கும். 1 டிபி இருந்தால் பிரிப்பதில் ஒரு உண்மையான பயன் உண்டு: விண்டோஸை மறுபடி போடும்போது சி-யை மட்டும் ஃபார்மட் செய்துவிட்டு டி-யில் உள்ளதை அப்படியே விட்டுவிடலாம்.

முதலில் முக்கியமான கோப்புகளை வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' ஆனில் இருந்தால் அதன் ரெக்கவரி கீயையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி-யின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்'. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எம்பியில் கேட்கும், புதுப் பகுதிக்கு 100 ஜிபி வேண்டுமென்றால் 102400 என்று போடுங்கள். எவ்வளவோ இடம் காலியாக இருந்தும் கொஞ்சம்தான் சுருக்க விடுகிறது என்றால், நகர்த்த முடியாத சிஸ்டம் கோப்பு ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சுருக்கியதும் கருப்புப் பட்டையோடு 'அன்அலொகேட்டட்' என்று ஒரு கட்டம் வரும். அதில் ரைட் கிளிக், 'நியூ சிம்பிள் வால்யூம்', கேட்பதற்கெல்லாம் நெக்ஸ்ட்.

சி-யைப் பெரிதாக்குவதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகத் தெரிந்தால் சி-க்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் காலியிடம் இல்லை என்று பொருள். நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் இருந்தாலும் இதே கதைதான். டிஸ்க் 1-இல் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் அதை டிஸ்க் 0-இல் இருக்கும் சி-யோடு இப்படிச் சேர்க்க முடியாது.

கை வைக்கும் முன் நில்லுங்கள்

வெளி டிஸ்க்கைச் செருகியதும் 'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்று விண்டோஸ் கேட்டால், உள்ளே போட்டோ இருக்கும் பட்சத்தில் கேன்சல் கொடுங்கள். 'இனிஷியலைஸ் டிஸ்க்' என்று கேட்டாலும் அப்படியே. விண்டோஸ் புதிதாகப் போடும் திரையில் 'டிரைவ் 0 பார்ட்டிஷன் 3', 'டிரைவ் 1 பார்ட்டிஷன் 1' என்று வரிசை வரும். அங்கே டிரைவ் என்பது டிஸ்க்கைத்தான் குறிக்கும், சி, டி என்ற எழுத்துகளை எதிர்பார்க்காதீர்கள். டிரைவ் எண்ணையும் அளவையும் படி 2-இல் பார்த்ததோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் எதையும் டெலீட் செய்ய வேண்டாம்.

படி 5: காப்பி எங்கே இருக்கிறது?

வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டை மறுபடி திறங்கள். அது டிஸ்க் 1 அல்லது டிஸ்க் 2 என்று தனி வரிசையில் வர வேண்டும், அதன் எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டோ போல்டரை அந்த எழுத்துக்குக் காப்பி செய்யுங்கள். முடிந்ததும் வெளி டிஸ்க்கிலிருந்தே நான்கைந்து படங்களையும் ஒரு வீடியோவையும் திறந்து பாருங்கள். சரியாக ஓடினால் 'இஜெக்ட்' கொடுத்துக் கழற்றி, கணினியை விட்டுத் தள்ளி வேறு இடத்தில் வையுங்கள்.