ஃபைபர் லேபில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டோனிக்ஸ், அதாவது ஒளியைக் கையாளும் துறையில், ஆய்வுக்குப் புதிதாக வரும் மாணவர், ரிசல்ட் ஒத்துவராவிட்டால் முதலில் தியரியைச் சந்தேகப்படுவார். சிமுலேஷனைத் திரும்ப ஓட்டுவார். ஒளியிழையின் (ஃபைபர்) கனெக்டர் முனையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தோன்றாது. பல நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும்.

ஒளி ஒரே பாங்கில் மட்டும் ஓடும் சிங்கிள் மோட் ஃபைபரில், கண்ணாடியின் வெளிவிட்டம் 125 மைக்ரான். ஒளி ஓடும் கோர் சுமார் 9 மைக்ரான்தான். அதன்மேல் ஒரு தூசி உட்கார்ந்தாலே சிக்னல் சரிந்துவிடும். புது பேட்ச் கார்டு (இரு முனையிலும் கனெக்டர் உள்ள இணைப்பு ஃபைபர்), மூடியோடுதானே வந்தது என்று அப்படியே செருகாதீர்கள். மூடிக்குள்ளும் தூசி இருக்கும். பார்த்து, துடைத்து, மறுபடி பார்த்த பிறகே இணைக்க வேண்டும். சட்டை நுனியால் துடைப்பதற்குத் துடைக்காமலே விடலாம்.

பவர் கூடும்போது இது வெறும் சிக்னல் இழப்போடு நிற்காது. 1987இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவினர் செய்துகாட்டிய எர்பியம் ஆம்ப்ளிஃபையர் (ஃபைபருக்குள்ளேயே ஒளியைப் பெருக்கும் கருவி) இன்று ஃபைபர் லேப்களில் சாதாரணப் பெட்டி. அது தரும் 20 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 ஆக வைத்த மடக்கை அளவு), அதாவது 100 மில்லிவாட், கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் அந்தக் கோருக்குள் அது சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவாட்டைத் தாண்டும். தூசி கருகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் உதவாது. ஆம்ப்ளிஃபையர் ஓடும்போது கனெக்டரைக் கழற்றாதீர்கள். முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஒளியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் வைக்காமல் அதே ஒளியை, ஒளியை மின் சிக்னலாக மாற்றும் வேகமான டிடெக்டருக்குள் விட்டால், டிடெக்டர் காலி. பிறகு பில்லோடு கைடு முன்னால் நிற்க வேண்டியதுதான்.

அடுத்தது பச்சையும் நீலமும். பச்சைக் கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வு, நீலத்துக்குச் சாய்வு கிடையாது. இரண்டும் ஒரே அடாப்டரில் போய் உட்கார்ந்துவிடும், வம்பே அதுதான். நடுவில் காற்று புகுந்து பவர் விழும்; நேர் முனையில் பட்டுத் திரும்பும் சுமார் 4 சதவீத ஒளி, திரும்பும் ஒளியைத் தடுக்கும் ஐசொலேட்டர் இல்லாத லேசரை ஆட்டங்காண வைக்கும். அந்த ஆட்டத்தைப் புதிய கண்டுபிடிப்பு என்று கிராஃப் போட்டுவிட வேண்டாம்.

டிடெக்டரின் சிக்னலைப் பார்க்கும் ஆசிலோஸ்கோப் உள்ளீட்டை 1 மெகாஓமில் விட்டால் சிக்னல் பெரிதாகத் தெரியும். அதில் ஏமாறாதீர்கள். ஒரு மீட்டர் கோஆக்ஸ் கேபிளின் சுமார் 100 பிகோஃபாரட் சேர்ந்ததும் நேர மாறிலி, அதாவது சிக்னலின் மாற்றத்தைப் பின்தொடர ஆகும் நேரம், 100 மைக்ரோசெகண்ட் ஆகிவிடும். 50 ஓமுக்கு மாற்றினால் 5 நானோசெகண்ட்.

சில்லறைத் தவறுகளும் உண்டு: பவர் மீட்டரின் அலைநீள அமைப்பு 1310 நானோமீட்டரில் கிடக்க 1550ஐ அளப்பது, டிபிஎம் எண்களை அப்படியே கூட்டுவது. 0 டிபிஎம்மும் 0 டிபிஎம்மும் சேர்ந்தால் 3 டிபிஎம்.