கொடுத்த கைமாற்றை மன்னித்து விடுவது எப்படி

'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்று ஜெபிக்கும்போது மனக்கசப்புகளை நினைத்துக்கொள்கிறோம். மைத்துனர் வாங்கித் திருப்பித் தராத 50,000 ரூபாயும் அந்த ஜெபத்துக்குள் வருகிறது. சொந்தத்திலும் சபையிலும் கொடுத்த பணத்தை முறையாக விடுவிக்க நினைப்பவர்களுக்கு இது.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: எவ்வளவு கொடுத்தீர்கள், எப்போது, எவ்வளவு திரும்பி வந்தது, அசல் எது, வட்டி எது. மத்தேயு 18-ம் அதிகாரத்து உவமையில், ராஜா கடனை மன்னித்துவிட்ட ஒரு ஊழியக்காரனிடம் அவனுடைய உடன்வேலைக்காரன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம். ஒரு பணம் ஒரு நாள் கூலி என்றால், மூன்று மாதத்துக்கு மேலான உழைப்பு அது. இயேசு அதை அற்பத் தொகை என்று சொல்லவில்லை; ராஜா மன்னித்த பதினாயிரம் தாலந்து என்ற பெருந்தொகைக்கு எதிரே வைத்துக் காட்டினார். தொகையைப் பார்க்காமல் "போகட்டும்" என்று விட்டால், பிள்ளைக்குப் பள்ளிக்கட்டணம் கட்டும் மாதத்தில் கசப்பு திரும்பி வரும்.

அடுத்தது கணவன் மனைவி சம்மதம். ஒருவர் மன்னித்து மற்றவர் கேட்டுக்கொண்டே இருந்தால் கடனாளிக்கு அது இரட்டை அவமானம். சீட்டுப் பணம், சங்கப் பணம், சபைப் பணம் என்றால் தொடவே வேண்டாம். பிறர் பணத்தை மன்னிக்க நமக்கு உரிமை இல்லை.

முழுவதுமா, பாதியா, வட்டி மட்டுமா என்பதைப் பேசப் போகுமுன்னே முடிவு செய்யுங்கள். "இருந்தா தா, இல்லாட்டி பார்ப்போம்" என்பது மன்னிப்பு அல்ல. அப்படிச் சொல்லப்பட்டவர் உங்களைக் கண்டால் தெரு மாறித்தான் போவார். பாதி என்றால் மீதிக்குத் தேதி சொல்லுங்கள்.

சொல்வது தனியாக இருக்கட்டும். கல்யாண வீட்டிலோ, ஆராதனை முடிந்த வாசலிலோ, அவருடைய பிள்ளைகள் முன்போ வேண்டாம். "தம்பி, அந்தப் பணத்தை இனி நீ தர வேண்டாம், கணக்கு முடிஞ்சது" என்பது போதும். புத்திமதி சேர்க்காதீர்கள். புரோநோட்டு இருந்தால் 'பைசல்' என்று எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். அடகாக வாங்கிய நகை இருந்தால் அதையும். மூன்று வருடத்தில் நோட்டு காலாவதியாகும் என்று பேசாமல் இருந்துவிடுவது விடுதலை ஆகாது. நோட்டு செத்த பிறகும் அவர் மனதில் கடன் உயிரோடு இருக்கும்.

பிறகு வருவதுதான் கடினம். சபையில் அனுபவம் சொல்லும் சாட்சி நேரத்தில், பெயர் சொல்லாமல்கூட, இதைப் பேசாதீர்கள். ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தில் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) இந்தத் தொகையைக் கழிக்காதீர்கள். அவர் புது வண்டி வாங்கினால் மனம் துள்ளும். அப்போது தாளில் எழுதிய தொகையை நினைத்து, அன்றே மறுபடி மன்னியுங்கள். எத்தனை தரம் மன்னிப்பது என்ற கேள்விக்கு இயேசு ஏழெழுபதுதரம் என்றது பெரும்பாலும் இப்படி ஒரே கடனுக்குத்தான் தேவைப்படுகிறது.

அவராக 2,000 ரூபாய் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் அவர் தலைநிமிர வழியில்லாமல் போகும். வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் (நாலு மடங்காய்) திரும்பச் செலுத்துகிறேன் என்றபோது இயேசு தடுக்கவில்லை.

மறுபடியும் கடன் கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தேவை உண்மையென்றால், திரும்பாவிட்டாலும் உங்கள் வீடு தாங்கும் தொகையை, 3,000 ரூபாயோ 5,000 ரூபாயோ, இனாம் என்று சொல்லியே கொடுங்கள். ஏமாற்றுவதையே தொழிலாக வைத்திருப்பவர் என்றால் புகார் கொடுப்பதும் தவறல்ல. அடுத்த குடும்பம் தப்பும்.

கடனாளி இறந்துவிட்டால், அடக்க ஆராதனை முடிந்து உறவினர் கலைந்த பிறகு அவர் மனைவியிடம் நேரில் போய்ச் சொல்லி, நோட்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அதுவரை அவர் அந்தக் கடனை எண்ணிப் பயந்துகொண்டிருப்பார். முதல் மாதத்துக்குள் போய்விடுங்கள்.